கண்ணாடி விளையாட்டு எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் மகன் ஊருக்கு வந்திருந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு எல்லாரையும் அழைத்துப்போய் இரண்டு நாள் 'டீம் பில்டிங்' நடத்தினார்களாம். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, எதிரெதிரே நின்று ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்வது, இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, இப்படி ஒரு பட்டியல் சொன்னான்.

"ஒருத்தரை ஒருத்தர் நம்பணும், காது கொடுத்துக் கேக்கணும், அடுத்தவங்க நிலைமையில நின்னு பாக்கணும். அதுக்குத்தான்ப்பா இந்த கேம்ஸ் எல்லாம்."

"இதை எல்லாம் நான் அஞ்சாம் வகுப்புல நடத்தியிருக்கேன்டா" என்றேன்.

"அப்போ இது உங்க கண்டுபிடிப்பா?" என்று சிரித்தான்.

என் கண்டுபிடிப்பு இல்லை. 2000-களின் தொடக்கத்தில் ஒரு பணியிடைப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்தது, தேடிப் படித்தேன். அந்த விளையாட்டுகளில் பலவற்றின் வேர் ஒரு கம்பெனியில் இல்லை, ஓர் ஏழைக் குடியிருப்பில் இருந்தது. அதைப் படித்தபோது என் வகுப்பறையில் நான் செய்த ஒரு தவறும் எனக்கு விளங்கியது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிகாகோ என்றால் நமக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். 1886-இல் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, மே தினத்துக்குக் காரணமான ஊர். 1893-இல் விவேகானந்தர் பேசிய ஊர். அந்த இரண்டுக்கும் நடுவில், 1889 செப்டம்பரில், அதே ஊரின் ஹால்ஸ்டெட் தெருவில் இரண்டு இளம்பெண்கள் ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தார்கள். ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்பவர்கள். படித்தவர்கள். சிகாகோவின் மிக நெரிசலான பகுதி ஒன்றில் ஏழைகளின் நடுவே வந்து குடியிருந்து, அவர்களோடு சேர்ந்து என்ன செய்ய முடியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். லண்டனில் டாயின்பீ ஹால் என்ற இடம் 1884 முதல் இப்படித்தான் நடந்துவந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஆடம்ஸ் தொடங்கினார். அந்த வீட்டின் பெயர் ஹல் ஹவுஸ்.

சுற்றிலும் யார் இருந்தார்கள்? இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், பொஹீமியர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் தப்பி வந்த யூதர்கள். ஒரே தெருவில் ஐந்தாறு மொழி. தையல் கூடங்களில் தாய்மார்களோடு பிள்ளைகளும் வேலை செய்தார்கள். ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற அம்மையார் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்துப் போராடியதில், 1893-இல் இல்லினாய் மாநிலத்தில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

ஹல் ஹவுஸ் தொடங்கிய முதல் வேலைகளில் ஒன்று மழலையர் பள்ளி. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு விளையாட்டுத் திடல். சோறும் வேலையும் இல்லாத இடத்தில் விளையாட்டு எதற்கு என்று யாருக்கும் தோன்றும். ஆடம்ஸ் அம்மையார் அப்படி நினைக்கவில்லை. நகரத் தெருவில் வளரும் பிள்ளைக்கு விளையாட்டு இல்லாவிட்டால் அந்தத் துடிப்பு வேறு வழியில் போகும் என்று 1909-இல் ஒரு புத்தகமே எழுதினார். 1931-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான் நீவா பாய்ட். 1876-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். மழலையர் பள்ளி ஆசிரியைக்கான பயிற்சி பெற்றவர். என்னைப் போல் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்கு வந்தவர்களுக்கு இவரைப் பிடித்துப்போகும். பெரிய தத்துவத்திலிருந்து இவர் தொடங்கவில்லை. பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று பார்ப்பதிலிருந்து தொடங்கினார்.

குடியேறிய குடும்பங்கள் தங்கள் ஊரிலிருந்து எடுத்து வந்த சொத்துகளில் ஒன்று விளையாட்டு. வட்டமாக நின்று ஆடும் ஆட்டம், கை கோத்து ஆடும் ஆட்டம், பாட்டோடு சேர்ந்த ஆட்டம். நம் ஊரில் கிளித்தட்டும் கண்ணாமூச்சியும் பூப்பறிக்க வருகிறோமும் போல. பாய்ட் அவற்றைத் திரட்டினார். டென்மார்க், ஸ்வீடன், பொஹீமியா நாட்டுப்புற விளையாட்டுகளை நூல்களாக வெளியிட்டார். 1911-இல் விளையாட்டுத் திடல்களில் பணிபுரிகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-இல் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர்கள் ஆடக்கூடிய விளையாட்டுகளுக்கும் ஒரு சிறு நூல் போட்டார். 1920-களில் ஹல் ஹவுஸிலேயே அவருடைய பயிற்சிப் பள்ளி நடந்தது. பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நேர்மை, பிறர் மேல் அக்கறை, விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றைப் பாடமாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைக்க முடியாது. விளையாட்டுக்குள் நுழையும் பிள்ளை, தானாகவே ஒரு விதியை ஏற்றுக்கொள்கிறது. அந்த விதிக்குப் பெரியவனும் சிறியவனும் ஒன்று. பிறன் கையைப் பார்த்து, பிறன் காலைப் பார்த்து ஆடினால்தான் ஆட்டம் நடக்கும். இத்தாலியப் பையனும் யூதப் பெண்ணும் ஒரே வட்டத்தில் நிற்க, இருவருக்கும் பொதுவான மொழி இருக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் விதியே அந்தப் பொது மொழி.

1924-இல் பாய்டிடம் படிக்க வந்த மாணவிகளில் ஒருவர் வயோலா ஸ்போலின். 1906-இல் சிகாகோவில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று ஆண்டுகள் பாய்டிடம் படித்தார்.

1929-இல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. 1935-இல் ரூஸ்வெல்ட் அரசு மக்களுக்கு வேலை கொடுக்க ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தது. நம் ஊர் நூறு நாள் வேலை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் சாலை போடுகிறவர்களோடு ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் கூட வேலை இருந்தது. அந்தத் திட்டத்தின் பொழுதுபோக்குப் பிரிவில், 1939 முதல் சிகாகோவில் நாடகத்துக்கான மேற்பார்வையாளராக ஸ்போலின் வேலை பார்த்தார்.

அவர் கையில் கிடைத்தவர்கள் யார்? குடியேறிகளின் பிள்ளைகள், ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள். பலருக்கு ஆங்கிலம் சரியாக வராது. "உணர்ச்சியோடு நடி" என்று சொன்னால் விறைத்து நின்றுவிடுவார்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டவர்களுக்கு இது தெரியும். பாய்டிடம் கற்றது அங்கே கைகொடுத்தது. விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை ஒரு விளையாட்டாக்கிக் கொடுத்தார்.

அவர் கொடுத்த விளையாட்டுகளில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இல்லாத கயிற்றை இழுப்பது. கயிறு இழுக்கும் போட்டிதான், ஆனால் கயிறு கிடையாது. இரண்டு பக்கமும் "இழு, இழு" என்று இழுத்தால் கயிறு ரப்பர் போல நீண்டுவிடும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பக்கம் இழுக்கும்போது இந்தப் பக்கம் இழுபட வேண்டும். எதிராளியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நடுவில் கயிறு 'தெரியும்'. போட்டி போடுகிறவர்கள் கூட ஒத்துழைத்தால்தான் போட்டியே நடக்கும் என்பதை இதைவிட எளிதாக யார் சொல்லிக் கொடுக்க முடியும்?

இரண்டாவது, அர்த்தமில்லாத மொழியில் பேசுவது. வாய்க்கு வந்த ஒலிகளிலேயே ஒரு பொருளை விற்க வேண்டும். சந்தையில் காய் விற்பவர் போல என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். சொல் உதவாது என்றானதும் கண், கை, குரல் எல்லாம் விழித்துக்கொள்ளும். கேட்கிறவரும் காதோடு கண்ணையும் திறந்து வைப்பார். ஐந்தாறு மொழி பேசும் தெருவில் இந்த ஆட்டத்தில் எல்லாரும் சமம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சலுகையும் இல்லை.

மூன்றாவது, கண்ணாடி. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் ஆள், ஒருவர் கண்ணாடி. ஆள் கையைத் தூக்கினால் கண்ணாடியும் தூக்க வேண்டும், அதே நேரத்தில், அதே வேகத்தில். திடீரென்று ஆசிரியர் "மாற்று" என்பார். கண்ணாடி ஆளாகும், ஆள் கண்ணாடியாகும். இப்படி மாறி மாறிப் போய், கடைசியில் யார் நடத்துகிறார்கள், யார் பின்பற்றுகிறார்கள் என்றே தெரியாமல் இருவரும் சேர்ந்து அசைவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆளாக இருப்பவர் வேகமாகக் கையை வீசினால் கண்ணாடி தோற்றுவிடும். எதிரே நிற்பவரால் பின்தொடர முடிகிற வேகத்தில்தான் அசைய வேண்டும். அடுத்தவர் நிலைமையில் நின்று பார்ப்பது என்று மகன் சொன்னானே, அது இங்கே தோளுக்கும் கைக்கும் தெரிந்துவிடுகிறது.

ஸ்போலின் இவற்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் நடத்திப் பார்த்துத் திருத்தி, 1963-இல் ஒரு நூலாகக் கொண்டுவந்தார். 200-க்கும் மேற்பட்ட பயிற்சிகள். அதன் சமர்ப்பணத்தில் நீவா பாய்டின் பெயர் இருக்கிறது. அந்த 1963-ஆம் ஆண்டிலேயே பாய்ட் காலமானார்.

அந்த நூலின் தொடக்கத்தில் ஸ்போலின் எழுதியிருக்கும் ஒரு கருத்துதான் என்னை நிறுத்தியது. 'நல்லது', 'தப்பு' என்று யாராவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தே நாம் வளர்ந்துவிட்டோம். பாராட்டுக்காக ஏங்குகிறோம் அல்லது திட்டுக்குப் பயப்படுகிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை எதிரே இருப்பவரைப் பார்ப்பதே இல்லை, தீர்ப்புச் சொல்பவரைத்தான் பார்க்கிறது. ஆகவே விளையாட்டு நடக்கும்போது ஆசிரியர் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியிலிருந்து இறங்க வேண்டும். ஓரத்தில் நின்று, ஆட்டத்தை நிறுத்தாமல், தேவையான இடத்தில் ஒரு சின்னச் சொல் எடுத்துக் கொடுத்தால் போதும். அவரும் ஒரு கூட்டாளிதான்.

இதைப் படித்ததும் எனக்கு அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

பணியிடைப் பயிற்சி முடிந்து உற்சாகமாகப் பள்ளிக்குப் போன திங்கட்கிழமை. ஐந்தாம் வகுப்பு. எல்லாரையும் வேப்பமரத்தடியில் வட்டமாக நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்க வேண்டும். நான் முதல் பிள்ளையின் கையை மெல்ல அழுத்துவேன். அது அடுத்த கைக்கு, அது அடுத்த கைக்கு என்று அழுத்தம் வட்டத்தைச் சுற்றி என்னிடமே திரும்பி வர வேண்டும்.

வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். வட்டத்தில் ஓரிடத்தில் ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடியபடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவள் கையைப் பிடிக்கவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் எந்தத் தெரு என்பதும் தெரியும். உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த பிரம்பால் தரையில் தட்டி, "கையைப் பிடி" என்று அதட்டினேன். பிடித்தார்கள். அழுத்தம் சுற்றி வந்துவிட்டது. நான் "வெரிகுட்" என்று சொன்னேன். கலைந்து போகும்போது அந்த இரண்டு பிள்ளைகளும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள்.

இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்குப் போனேன். "காய்ச்சல் சார்" என்றார் அவள் அம்மா. பிள்ளை வாசலில் நல்லபடியாக உட்கார்ந்து கல் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் "நாளைக்கு அனுப்புங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் அந்த வட்ட ஆட்டத்தை நடத்தவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த மற்றோர் ஆட்டத்தை எடுத்தேன். அதுதான் கண்ணாடி. யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. யாருக்கு யார் ஜோடி என்பதை நானும் தேர்ந்தெடுக்கவில்லை, பிள்ளைகளும் தேர்ந்தெடுக்கவில்லை. பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். தினமும் கடைசிப் பத்து நிமிடம். முக்கியமாக, நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்போலினைப் படித்தெல்லாம் அப்படிச் செய்யவில்லை. அன்றைய 'வெரிகுட்' தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்ட பிள்ளைகளில் ஒருத்திக்கும் அவளுக்கும் சீட்டு விழுந்தது. முதல் நாள் இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்கள். கண்ணைப் பார்க்காமல் கண்ணாடியாக முடியாது, ஆகவே ஆட்டம் தப்பியது. நான் சும்மா இருந்தேன். பின்னொரு நாள் மறுபடியும் சீட்டு விழுந்தபோது எதிரே நின்றவள் மூக்கைச் சுருக்கினாள், இவளும் சுருக்கினாள், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பையும் கண்ணாடி போலவே சிரித்தார்கள்.

அந்த வாரம் அந்தப் பிள்ளையின் பாட்டி பள்ளிக்கு வந்தார். "என்ன வாத்தியாரே, பாடம் சொல்லிக் குடுக்காம யாரோட யாரை நிறுத்தி ஆட்டம் போட வைக்கிறீங்க?" என்று கேட்டார். "சீட்டு போட்டு எடுக்கிறோம் பாட்டி, நான் நிறுத்தல" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தெருக்கள் அப்படியேதான் இருந்தன. அந்த ஆண்டுக் கடைசியில் கோகோ அணிக்கு ஆள் பிரித்தபோது, அணித் தலைவியாக நின்ற அந்தப் பிள்ளை இவள் பெயரை இரண்டாவதாகக் கூப்பிட்டாள். கோகோவில் முதுகைத் தொட்டுத்தான் எழுப்ப வேண்டும். என் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்.

இனி மிச்ச வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்போலினின் மகன் பால் சில்ஸ் 1955-இல் நண்பரோடு சேர்ந்து சிகாகோவில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். எழுதி வைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே உருவாக்கி நடிப்பது அதன் பாணி. அம்மாவின் விளையாட்டுகள்தான் பயிற்சி. 1959-இல் 'செகண்ட் சிட்டி' என்ற புகழ்பெற்ற குழுவும் அதே வழியில் வந்தது. அமெரிக்க நகைச்சுவை நடிகர்களில் பலர் அங்கே பழகியவர்கள். மேடையிலிருந்து அந்த விளையாட்டுகள் பயிற்சி வகுப்புகளுக்குப் போயின, அங்கிருந்து கம்பெனிகளுக்கும் போயின. நடிகர் ஆலன் ஆல்டா 2009-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கக் காரணமாக இருந்தார். விஞ்ஞானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் மக்களோடு பேசக் கற்றுக்கொடுக்கும் அந்த மையத்திலும் கண்ணாடி விளையாட்டு உண்டு. ஸ்போலின் 1986-இல் வகுப்பறை ஆசிரியர்களுக்கென்றே தனி நூல் எழுதினார், 1994-இல் காலமானார். பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்திருந்த ஹல் ஹவுஸில் பெரும்பகுதி 1960-களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. மிஞ்சிய இரண்டு கட்டடங்கள் இன்று அருங்காட்சியகம்.

இதை எல்லாம் மகனுக்குப் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க ரிசார்ட்ல கடைசியில மேனேஜர் எல்லாருக்கும் மார்க் போட்டாருப்பா, பெஸ்ட் டீம் பிளேயர்னு ஒருத்தருக்குப் பரிசும் குடுத்தாங்க" என்றான். ஆட்டம் முழுக்க எல்லாரும் எதிரே நின்றவரைப் பார்த்தார்களா, மேனேஜரைப் பார்த்தார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேனேஜரைத்தான்" என்றான்.

இன்று பள்ளியில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டுப் பட்டியல் இப்போது எங்கும் கிடைக்கிறது. பயிற்சிக் கையேட்டிலும் இருக்கிறது, யூடியூபிலும் இருக்கிறது. நம்பிக்கை அந்தப் பட்டியலில் இல்லை. மொழி தெரியாத பிள்ளையும் ஊர் ஒதுக்கிய பிள்ளையும் பயமில்லாமல் நிற்கும்படி இடத்தைச் செய்துகொடுப்பதில் இருக்கிறது. பிரம்பைக் கீழே வையுங்கள். 'வெரிகுட்'டையும் பத்து நிமிடம் கீழே வையுங்கள். ஜோடியைச் சீட்டு தேர்ந்தெடுக்கட்டும். யார் கை யார் கையைப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள்.

அந்தப் பெண்பிள்ளை இந்தப் பதிவைப் படிப்பாளா என்று தெரியவில்லை. படித்தால், அம்மா, அன்றைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன். நான் அதட்டியது தப்பு. மன்னித்துக்கொள்.

உங்கள் வகுப்பில் ஆடிய ஆட்டங்கள் நினைவிருந்தால் எழுதுங்கள். நாளை காலை எல்லாவற்றையும் படிக்கிறேன்.